உள்ளே வருவதும் வெளியே போவதும்

வன்னியில் கணினிக்கு வைரஸ் வராத காலம் ஒன்று இருந்தது. கணினியே வராத காலம் அது. 1990இல் பொருளாதாரத் தடை தொடங்கியபோது பற்றறி, சீமெந்து, யூரியா, பெற்றோல் எல்லாம் பட்டியலில் ஏறின. கரண்டும் போய்விட்டது. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி ஒருவர் மிதிக்க, டைனமோவில் வேலைசெய்யும் ரேடியோவைச் சுற்றி மற்றவர்கள் குந்தியிருந்து பிபிசி தமிழோசை கேட்போம். மிதிக்கிறவருக்கு மூச்சு வாங்கினால் லண்டனுக்கும் மூச்சு வாங்கும். செய்தி முக்கியமான கட்டத்துக்கு வரும்போது தானும் கேட்கவேண்டும் என்று அவர் காலை நிறுத்திவிடுவார். அதோடு செய்தியும் நின்றுவிடும்.

வெளியே போவதென்றால் பாஸ் வேண்டும். பாஸ் வேண்டுமென்றால் பிணைக்கு ஓர் ஆள் நிற்கவேண்டும். உள்ளே ஒன்றும் லேசில் வராது, வெளியே ஒருவரும் லேசில் போகமுடியாது. இன்றைக்குக் கணினிப் பாதுகாப்பு நிபுணர்கள் லட்சக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டு அமைத்துக்கொடுக்கிற ஏற்பாடு அது. எங்களுக்கு இலவசமாகவே கிடைத்தது.

2002இல் ஏ9 பாதை திறந்தது. கொழும்பில் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போய், ஒருவர் பாவித்துவிட்டு விற்ற பென்ரியம் 3 ஒன்றை வாங்கி பஸ்ஸில் ஏற்றினேன். ஓமந்தைச் சோதனைச்சாவடியில் அந்தக் கரையில் ஒருமுறை பெட்டியைக் கழற்றிப் பார்த்தார்கள். இந்தக் கரையில் இன்னொருமுறை. இரண்டு கரையிலும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “இது என்னத்துக்கு?” நான் சொன்ன பதிலும் ஒன்றுதான்: “பள்ளிக்கூடத்து வினாத்தாள் அடிக்க.” முறிகண்டியில் பஸ் நின்றது. எல்லாரும் கச்சான் வாங்க இறங்க, நான் தேங்காயோடு பிள்ளையாரிடம் போனேன். “கொம்பியூட்டருக்கும் சேர்த்து உடையுங்கோ சேர்” என்றார் கொண்டக்டர். கணினிக்கு நான் முதன்முதலாகச் செய்த பாதுகாப்பு ஏற்பாடு அதுதான்.

கரண்டுக்கு, ஒழுங்கை முனைக் கடைக்காரரின் ஜெனரேற்றரிலிருந்து வயர் இழுத்திருந்தோம். மண்ணெண்ணெயில் ஓடுகிற ஜெனரேற்றர். பொழுதுபட்டால் போடுவார், கடை பூட்டும்போது நிற்பாட்டுவார். கடை எப்போது பூட்டும் என்பது வியாபாரத்தைப் பொறுத்தது. விண்டோஸ் 98 திடீரென்று கரண்டை இழந்தால், அடுத்த நாள் நீல நிறத் திரையில் ஸ்கான்டிஸ்க் ஓட்டி, வன்தட்டை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்க்கும். அது தடவி முடிய ஜெனரேற்றர் மறுபடி நிற்கும். மூன்றாந்தவணை வினாத்தாளின் இரண்டாம் பகுதி இப்படித்தான் காணாமற்போனது. பிள்ளைகள் மகிழ்ந்தார்கள்.

வைரஸ் 2006 அளவில் வந்து சேர்ந்தது. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் சொக்லேட்டோடு பென் ட்ரைவும் கொண்டுவந்தார்கள். அதற்குள் ப்ரொன்ரொக் இருந்தது. இந்தோனேசியாவில் பிறந்த புழு. மஞ்சள் ஃபோல்டர் மாதிரிப் படம் போட்டுக்கொண்டு இருக்கும், திறந்தால் முடிந்தது கதை. அழிக்க வழிதேடிப் போனால் கணினியை நிறுத்தித் திரும்பத் தொடக்கிவிடும். பெட்டியைக் கழற்றிப் பார்த்த இரண்டு கரைக்காரரில் ஒருவரும் பென் ட்ரைவின் மூடியைக் கழற்றிப் பார்க்கவில்லை.

அந்தக் காலத்தில் உபுண்டு லினக்ஸின் சீடியைக் கேட்டவர்களுக்கெல்லாம் தபாற்செலவும் வாங்காமல் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2011 வரைக்கும் அனுப்பினார்கள். வவுனியாவில் ஓர் உறவினரின் விலாசத்தைக் கொடுத்தேன். 5.10 பதிப்பு வந்தது. உறைக்குள் இரண்டு சீடி: ஒன்று நிறுவுவதற்கு, மற்றது நிறுவாமலே ஓட்டிப் பார்ப்பதற்கு. காசு கேட்காமல் ஒரு சாமான் வருகிறதென்றால் அதற்குள் ஏதோ இருக்கிறது என்று அக்கா சந்தேகப்பட்டா. வன்னியில் அது நியாயமான சந்தேகம்.

நிறுவும்போது, எந்த ஊர் நேரம் என்று லினக்ஸ் கேட்டது. கொழும்பு என்று சொன்னால் அரை மணித்தியாலம் பிழைக்கும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க 1996 மே மாதம் அரசாங்கம் நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி, ஒக்ரோபரில் அதில் அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுத்தது. மின்சாரமே இல்லாத வன்னி அந்த மிச்சம்பிடிப்பில் சேரவில்லை. பழைய நேரத்திலேயே இருந்தது. ஓமந்தையைத் தாண்டுகிறவர்கள் மணிக்கூட்டைத் திருகிக்கொண்டே தாண்டினார்கள். ஆகவே நான் கல்கத்தா என்று கொடுத்தேன். இந்திய நேரமும் எங்கள் பழைய நேரமும் ஒன்றுதான்.

இது என்னுடைய கெட்டித்தனம் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். பிறகுதான் கண்டேன்: உலகத்து லினக்ஸ் கணினிகள் எல்லாம் நேரம் பார்க்கிற தரவுத்தளத்தின் மூலக்கோப்பில், அதைப் பராமரிக்கிற பால் எகெர்ட் 2006 ஏப்ரலில் இதையே எழுதிவைத்திருக்கிறார். தமிழர் கட்டுப்பாட்டுப் பகுதியில் இருப்பவர்கள் இந்திய வலயத்தைப் பாவிக்கலாம், 1970இலிருந்து இரண்டும் ஒத்தே வந்திருக்கின்றன என்பது அதன் சாரம். அதே மாதம் 15ஆம் திகதி அரசாங்கமும் பழைய நேரத்துக்குத் திரும்பிவிட்டது. எங்களுக்கென்று ஒருவர் குறிப்பு எழுதினார். எழுதும்போது அது தேவைப்படாமற் போயிருந்தது.

லினக்ஸில் ஒரு பெரிய நிம்மதி இருந்தது. ஜெனரேற்றர் எந்த நேரம் நின்றாலும் பரவாயில்லை. அதன் ஈஎக்ஸ்ரி3 கோப்பு முறை, செய்யப்போகிற வேலையை முதலில் ஒரு நாட்குறிப்பில் எழுதிவிட்டுத்தான் செய்யும். கரண்டு திரும்ப வந்ததும் குறிப்பைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து சரிசெய்துகொள்ளும். எங்கள் ஊருக்கென்றே யாரோ யோசித்துச் செய்ததுபோல் இருந்தது.

2006 ஓகஸ்டில் பாதை மறுபடி பூட்டுப்பட்டது. 2008 கடைசியில் ஊரே கிழக்கு நோக்கி நகர்ந்தபோது, சனம் செய்ததையே நானும் செய்தேன். கணினியைப் பொலித்தீனால் சுற்றி, உரப்பைக்குள் போட்டுக் கட்டி, வளவில் மாமரத்துக்குப் பக்கத்தில் புதைத்தேன். தரவுக்கு மூன்று பிரதி வேண்டும், ஒன்று வேறிடத்தில் இருக்கவேண்டும் என்று இப்போது படிக்கிறார்கள். எங்களிடம் ஒரு பிரதிதான் இருந்தது. வேறிடத்துக்குப் போனது நாங்கள்.

மெனிக் பாம் முகாமிலிருந்து திரும்பிவர 2010 ஆகிவிட்டது. கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் வளவைச் சல்லடை போட்டுக்கொண்டிருந்தார்கள். மாமரத்தடியில் கருவி கத்தியது. எல்லாரையும் தூரப் போகச் சொல்லிவிட்டு, ஒரு பிள்ளை முழங்காலில் இருந்து அரைமணி நேரமாக மண்ணைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள். என்னவென்று நான் சொன்னதை அவள் நம்பவில்லை. நம்பாமல் விடுவதுதான் அவளுடைய தொழில். கடைசியில் உரப்பை வெளியே வந்தது. பெட்டிக்குள் கறையான் குடியிருந்தது. என் வாழ்நாளில் வேறெந்தக் கணினியையும் இவ்வளவு மரியாதையாக ஒருவர் திறந்ததை நான் பார்க்கவில்லை.

தாய்ப்பலகை போய்விட்டது. வன்தட்டை மட்டும் காயவைத்து, இன்னொரு கணினியில் இரண்டாவது தட்டாக மாட்டி, பழைய சீடியிலிருந்து லினக்ஸை ஓட்டி, கோப்பு முறையைத் திருத்துகிற எஃப்எஸ்சிகே கொடுத்தேன். பாதிக்கு மேல் வந்தது. எந்த ஃபோல்டருக்கு உரியதென்று தெரியாத கோப்புகளை அது லொஸ்ட்-அண்ட்-ஃபவுண்ட் என்ற இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். பெயர் இருக்காது, ஓர் எண் மட்டும் இருக்கும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து யாரென்று கண்டுபிடிக்கவேண்டும். அந்த வருடம் ஊரில் எல்லாரும் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்கள், கணினியில் அல்ல.

இப்போது வீட்டுக்குக் கரண்டும் வந்துவிட்டது, இணையமும் வந்துவிட்டது. ஐப்பசி இடிமின்னலுக்கு ரவுட்டர் எரிவதைத் தவிர வேறு குறை இல்லை. 2022இல் நாட்டுக்கே பதின்மூன்று மணிநேர மின்வெட்டு வந்தபோது கொழும்பு நண்பர்கள் தொலைபேசி எடுத்து, கரண்டில்லாமல் எப்படிச் சீவிக்கிறது என்று கேட்டார்கள். சைக்கிள் இருக்கிறதா என்று கேட்டேன்.

ஆனால் பாதுகாப்புப் பயம் வந்துவிட்டது. பயத்தைக் கொண்டுவந்தவன் மருமகன். வவுனியாவில் கணினி படிக்கிறான், 2004இல் பிறந்தவன். என் கணினியை அங்கிருந்தே திருத்துவதற்காக எஸ்எஸ்எச் வழியைத் திறந்துவைத்திருந்தான். ஒருநாள் வந்து லொக் கோப்பைக் காட்டினான். இரவு முழுக்க, சில விநாடிக்கு ஒரு வரி: ஃபெயில்ட் பாஸ்வேர்ட், ஃபெயில்ட் பாஸ்வேர்ட். ரூட் என்ற பெயரில் ஒருவர், அட்மின் என்று ஒருவர், பிறகு டெஸ்ட், ஒராக்கிள், பை. ஓமந்தையில் என்னுடைய பெயர், அப்பாவின் பெயர், பிறந்த இடம், போகிற காரணம் எல்லாம் கேட்பார்கள். இவர்களில் ஒருவருக்கும் என் பெயர் தேவைப்படவில்லை. ஆட்கள் இல்லை மாமா, உலகத்தில் திறந்திருக்கிற 22ஆம் போர்ட் எல்லாவற்றையும் தட்டிப் பார்க்கிற நிரல்கள் என்றான். எனக்கு அது இன்னும் அவமானமாக இருந்தது.

அன்று பின்னேரமே வேலையில் இறங்கினான். ரவுட்டரின் அடிப்பக்கத்து ஸ்ரிக்கரில் இருந்த பாஸ்வேர்ட்டையே இவ்வளவு காலமும் வைத்திருந்தோம், அதை மாற்றினான். எஸ்எஸ்எச்சில் பாஸ்வேர்ட் நுழைவை நிறுத்தி, சாவிக்கோப்பு இருந்தால்தான் கதவு திறக்கும் என்று ஆக்கினான். பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக இறங்க வைத்தான். இதெல்லாம் எந்த வீட்டுக்கும் செய்யவேண்டியவை, குறை சொல்லமாட்டேன். பிறகு யூஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வோலுக்கு வந்தான். வழக்கமாக உள்ளே வருவதை மறுத்து, வெளியே போவதை அனுமதிப்பார்கள்.

“எல்லாரும் உள்ளுக்கு வாறதைத்தான் மாமா பூட்டுவினம். நான் வெளியில போறதையும் பூட்டிப்போட்டன். வெப் மட்டும் போகும், டிஎன்எஸ் போகும். வேற ஒண்டும் போகாது.”

“அப்ப பாஸ் எடுக்கோணுமோ? பிணைக்கு ஆர் நிக்கிறது?”

அவனுக்கு விளங்கவில்லை. சிரித்துவைத்தான்.

இதற்குப் பிறகு நான் கொழும்பில் மகள் வீட்டுக்குப் போய்க் கிட்டத்தட்ட ஒரு மாதம் நின்றுவிட்டு வந்தேன். கணினியைப் போட்டால் விசித்திரமான வருத்தம். சில தளங்கள் திறக்கின்றன, சிலது திறக்கவில்லை. கூகுள் திறக்கவே இல்லை. சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை என்கிறது பிரவுசர். மென்பொருள் புதுப்பிக்கப் போனால் ஆப்ட் அதையே வேறு விதமாகச் சொல்கிறது: இந்தக் கோப்பு செல்லுபடியாக இன்னும் நாள் இருக்கிறது. அதாவது, நாளைக்கு எழுதப்பட்ட கடிதம் இன்றைக்கு வந்துவிட்டதென்று முறையிடுகிறது. மூலையில் திகதியைப் பார்த்தேன். நான் கொழும்புக்குப் புறப்பட்ட நாளிலேயே நின்றது.

திரும்பத் தொடக்கி பயோஸுக்குள் போனேன். 2009 ஜனவரி 1 என்று இருந்தது. தாய்ப்பலகையிலுள்ள காசளவு பற்றறி செத்துவிட்டால் பல கணினிகள் தாம் பிறந்த வருடத்தின் முதல் நாளுக்குப் போய்விடும். இது அந்த வருடத்துப் பலகை. அடுத்த நாள், ஜனவரி 2ஆம் திகதிதான் கிளிநொச்சி நகரம் இராணுவத்திடம் போனது. பலகை செய்தவனுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. லினக்ஸ் அவ்வளவு பழைய திகதியை நம்பாது. கடைசியாகத் தான் எழுதிவைத்த நேரத்தை எடுத்து அங்கிருந்து வாழத் தொடங்கும். இணையம் கிடைத்ததும் என்டிபி முறையில் நேரச் சேவையகத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும். இது ஏன் திருத்தவில்லை? நேரம் கேட்கிற கேள்வி 123ஆம் போர்ட்டால் யூடிபியில் வெளியே போகவேண்டும். மருமகன் அதற்கு அனுமதி கொடுக்கவில்லை.

தொலைபேசியில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. “நேரம் கேக்கிறதுக்கும் வெளியில போகோணும் எண்டு யோசிக்கேல்லை மாமா.” யோசித்துப் பூட்டியவர்கள் குறைவு என்று ஆறுதல் சொன்னேன். அவன் சொல்லச் சொல்ல ஒரு வரி அடித்தேன்: சூடோ யூஎஃப்டபிள்யூ அலவ் அவுட் 123/யூடிபி. போன கேள்விக்குரிய பதில் திரும்பிவரத் தனி அனுமதி தேவையில்லை. அந்தளவில் இந்தக் காவல்காரன் நல்லவன். ஒரு நிமிடத்துக்குள் கணினி தவறவிட்ட நாட்களைத் தாண்டி இன்றைக்கு வந்துவிட்டது.

பற்றறிக்கு நகரத்துக் கடைக்குப் போனேன். சீஆர்2032. சில நூறு ரூபா. அடையாள அட்டை கேட்கவில்லை, கடிதம் கேட்கவில்லை, இது என்னத்துக்கு என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லலாம் என்று பதிலோடு நின்றேன்.

கடை மூலையில் பழைய கணினிகள் குவிந்திருந்தன. 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இவற்றை ஏற்காது என்று சனம் இரும்பு விலைக்குக் கொடுத்துவிட்டுப் போகிறது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தால் கொடுக்காதீர்கள். ஒரு பற்றறி வாங்கிப் போடுங்கள். உபுண்டுவோ லினக்ஸ் மின்டோ நிறுவி, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுங்கள். ரவுட்டரின் பாஸ்வேர்ட்டை மாற்றுங்கள், திருத்தங்களைத் தானாக இறங்க விடுங்கள், உள்ளே வருவதைப் பூட்டுங்கள். வெளியே போவதைப் பூட்டத்தான் வேண்டுமென்றால், 123ஐ மட்டும் விட்டுவிடுங்கள்.