வனவாசம், 50 ஆம்பியரில்

அமெரிக்கர்கள் இயற்கையை நேசிக்கும் அழகே தனி. வீட்டைவிட்டு ஓடவேண்டும் என்று தோன்றினால், வீட்டையே சக்கரத்தில் ஏற்றிக்கொண்டு ஓடுகிறார்கள். இரண்டு ஏசி, ஃப்ரிட்ஜ், மைக்ரோவேவ், வெளிச்சுவரில் உபரியாக ஒரு டிவி.

இந்தச் சக்கர வீட்டை நிறுத்த ஒரு சிமென்ட் தளம் வேண்டுமே. டிஸ்னி வேர்ல்டின் 'ஃபோர்ட் வில்டர்னஸ்' முகாமில் இரவு வாடகை 100 டாலரைத் தாண்டும். வில்டர்னஸ் என்றால் வனாந்தரம். வனாந்தரம் என்ன சும்மா வருமா? 50 ஆம்பியர் மின்சாரம், குழாய்த் தண்ணீர், கேபிள் டிவி, எல்லாவற்றுக்கும் மேலாகக் கழிவுநீர் இணைப்பு. கையுறை மாட்டிக்கொண்டு, அந்த நெளிநெளியான குழாயைத் தரைத்துளையில் செருகும் குடும்பத்தலைவர் முகத்தில்தான் என்ன சாந்தி! பத்தடி தள்ளி, பக்கத்து வண்டிக்காரரும் அதே தியானத்தில்.

அரிசோனாவில் குவார்ட்ஸைட் பக்கம் அரசுப் பாலைவனத்தில், செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்கப் பல ஆண்டுகளாக மொத்தமே 180 டாலர்தான் வாங்கினார்கள். வண்டியடியில் குழாயும் இல்லை, பிளக்கும் இல்லை. வெறும் வானம், நட்சத்திரம். அதற்கு அவ்வளவுதான் கொடுக்கலாம்.

இரவானதும் வாடகை முகாம்களில் கணப்பு நேரம். வாடகையில் சேர்த்தியான, விறகெரிக்கும் இரும்பு வளையம் வெளியே காலியாகக் கிடக்கிறது. வண்டிக்குள், மின்சாரக் கணப்பின் திரையில் விறகு எரிகிறது. புகை வராது பாருங்கள்.