வாகரைக்கு ஒரு வான்

கல்லடியில் குடியிருப்பவனுக்குத் தண்ணீர் பார்ப்பது பொழுதுபோக்கு ஆகாது. வீட்டுக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. ஒரு சோடி செருப்பு வாங்குவதென்றாலும் பாலம் கடந்து புளியந்தீவுக்குப் போகவேண்டும். அப்போதும் வாவியைப் பார்ப்பதில்லை, முன்னால் போகும் பஸ்ஸின் புகையைத்தான் பார்ப்போம். கடல் என்று ஒன்று இருப்பதை எங்களுக்கு ஞாபகப்படுத்த வெளிநாட்டிலிருந்து யாராவது வந்து இறங்கவேண்டும்.

இந்த முறை இறங்கியவர் மனைவியின் அண்ணன், லண்டன் மச்சான். அயர்லாந்தின் மேற்குக் கரையை, அத்திலாந்திக் சமுத்திரத்தின் ஓரமாகக் காரில் சுற்றி வந்தவர். 2014இல் அந்த நாட்டார் டொனகோல் முதல் கோர்க் வரையுள்ள 2,500 கிலோமீற்றர் தெருவுக்கு ‘வைல்ட் அட்லாண்டிக் வே’ என்று பெயர் சூட்டி, வழிநெடுக போர்டு நட்டு, உலகத்தையே கூப்பிட்டார்களாம். ஃபோனில் படம் காட்டினார். 214 மீற்றர் உயரமான செங்குத்துப் பாறை, கீழே சாம்பல் நிறக் கடல், மேலே தடித்த கோட்டுக்குள் மச்சான்.

“மனிசன்ட கைபடாத கரை. இப்பிடி ஒண்டு உலகத்தில இல்ல” என்றார்.

எங்கள் வீட்டுப் பாட்டி, பெத்தா, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். “இந்தக் குளிருக்குள்ள என்னத்துக்கு மனே போன?”

எங்கள் ஊர் வழமைப்படி வீடு பெண்ணுக்குச் சீதனமாக வருவது. ஆகவே இந்த வீட்டுக்கு மனைவி சொந்தக்காரி, பெத்தா நீதிபதி, எனக்கு விறாந்தையில் ஒரு கதிரை. அந்தக் கதிரையிலிருந்துதான் சொன்னேன்: “வாகரைப் பக்கம் ஒருக்காப் போய்ப் பாருங்க மச்சான். அங்கயும் ஒருத்தரும் கைவைக்கல்ல.”

காலை ஆறு மணிக்குப் புறப்படுவதாக ஏற்பாடு. ஹையேஸ் வான் ஆறுக்கே வந்துவிட்டது, நாங்கள் வர ஒன்பதாயிற்று. வாழையிலையில் கட்டிய சோத்துப் பார்சல், இரண்டு சட்டி எருமைத் தயிர், பாய், தலையணை, பெத்தாவின் வெற்றிலைத் தட்டம், மச்சானின் நீச்சல் கண்ணாடி. மனைவி ரைஸ் குக்கரையும் ஏற்றப் பார்த்தார். கடற்கரையில் பிளக் இருக்காது என்று சாரதி சொன்ன பிறகுதான் அது இறங்கியது.

ஐந்து நிமிடம்கூட ஓடவில்லை, கல்லடிப் பாலத்தில் நிறுத்தச் சொன்னார் மச்சான். வாவியில் பாடும் மீனைக் கேட்கவேண்டுமாம், காலை ஒன்பதரைக்கு, பஸ்ஸும் ஓட்டோவும் ஹோர்ன் அடிக்க. நிலாக் காலத்து இரவில் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பது வழக்கம். அமெரிக்க இயேசு சபைக் குருவானவர் லாங் அடிகள் பல வருடங்களுக்கு முன்பே ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து அந்தச் சத்தத்தைப் பிடித்தவர். இதெல்லாம் சொன்னேன். மச்சான் கைப்பிடிச் சுவரில் காதை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார்.

பாலத்துக்கும் ஒரு கதை உண்டு. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் ‘ஹேர்மிஸ்’ என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை எங்கள் கடலில்தான் மூழ்கடித்தன. 2013இல் திறந்த இந்தப் புதுப் பாலம் அதே ஜப்பானின் உதவியில் கட்டியது. கணக்குச் சரியாகிவிட்டதென்று சொல்லமுடியாது, கப்பல் இன்னும் அடியில்தான் கிடக்கிறது. லண்டன்காரர் என்ற முறையில் மச்சான் கொஞ்ச நேரம் துக்கமாக இருந்தார்.

பிறகு ஏ15 தெரு. ஏறாவூர் போனது, செங்கலடி போனது, வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும் போனது. கடலைக் காணோம்.

“இது கரையோரப் பயணம்தானே? கடல் எங்க?”

சாரதி கண்ணாடியில் பார்த்துச் சொன்னார்: “சோத்துக்கைப் பக்கம்தான் இருக்கு சேர். அது எங்கயும் போகாது.”

ஓட்டமாவடியில் பிளேன்டீ. ஒரு காலத்தில் ரயிலும் பஸ்ஸும் ஒரே இரும்புப் பாலத்தில் முறைவைத்துப் போன இடம் அது. ரயிலுக்குத்தான் எப்போதும் முதல் மரியாதை. அதைத் தாண்டினால் ஊர் குறைந்து பற்றைக்காடும் மணலும் பனையும் கூடிக்கொண்டு வரும். காயன்கேணி, மாங்கேணி, பிறகு பனிச்சங்கேணி. பாலத்தில் வான் ஏறியதும் இரண்டு பக்கமும் தண்ணீர், கழுத்தளவில் நின்று வலை வீசும் ஒரு மனிதர், அவரைக் கண்டுகொள்ளாத கொக்குகள். வானுக்குள் சத்தம் நின்றது. பெத்தா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதைக்கூட நிறுத்தினார்.

“எப்பிடி இதக் கெடுக்காம வைச்சிருக்கிறீங்க?” என்றார் மச்சான்.

அது எங்கள் நல்ல குணத்தால் அல்ல. திருகோணமலைக்குப் போகும் இந்தத் தெருவில் பாலமில்லாத துறைகளை வெகுகாலம் ‘பாதை’ என்ற மிதவையில் ஏறித்தான் கடக்கவேண்டியிருந்தது. யுத்தம் இருந்தது. 2004இல் சுனாமி. 2006 கடைசியிலும் 2007 தொடக்கத்திலும் வாகரைச் சனம் மொத்தமாக இடம்பெயர்ந்தது. கட்டுவதற்கு ஆளும் இல்லை, வருவதற்கு வழியும் இல்லை. கரை அழகாகத்தானே இருக்கும்? மச்சான் வியந்த அயர்லாந்துக் கரையும் அப்படித்தான். 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் செத்தவர் போக, மிஞ்சியவரில் பெருந்தொகையானோர் கப்பலேறிய பிறகு வெறுமையான கரை அது. பெயர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இப்போது கமெராவோடு வருகிறார்கள். இதைச் சொல்லிவிட்டு மச்சானைப் பார்த்தேன். அவர் தன் கமெராவைப் பார்த்தார்.

வாகரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் வரிசையாக ஆட்கள், இடுப்பில் கட்டிய வாரைக் கயிற்றில் கொழுவி, குதிக்காலை மணலில் ஊன்றிப் பின்னால் பின்னால் நடந்தார்கள். மச்சான் முன்னுக்குப் போய், பக்கவாட்டில் போய், படுத்துக் கிடந்தும் படம் பிடித்தார். வலை இழுப்பவர்களின் தலைவர், மண்டாடி போன்ற ஒரு முதியவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, படம் பிடிச்சது காணும். கயித்தப் பிடிங்க.”

மறுக்கமுடியாத குரல் அது. மச்சான் பிடித்தார். ஈரக் கயிறு, உப்பும் பாசியும் ஊறினது. முதல் இழுவையில் உள்ளங்கை சிவந்தது, அடுத்ததில் நீச்சல் கண்ணாடி கழுத்துக்கு இறங்கியது. “ஏலேலோ” என்று அவர்கள் பாட, இவர் ஒரு சொல் பின்னால் பாடினார். மடி கரைக்கு ஏறியபோது உள்ளே கீரியும் சாளையும் வெள்ளியாகத் துள்ளின. எண்ணி முடிந்ததும் முதியவர் மச்சானைக் கூப்பிட்டு ஒரு ஷொப்பிங் பை நிறையச் சாளை கொடுத்தார். காசு நீட்டியவரை முறைத்தார்: “கூலிக்கு ஆரும் காசு குடுக்கிறதா? இது உங்கட பங்கு.”

லண்டனில் கணக்காளராக இருப்பவர் மச்சான். எந்தச் சம்பளத்தையும் இவ்வளவு பெருமையோடு அவர் தூக்கிக்கொண்டு வந்திருக்கமாட்டார். சோற்றுப் பார்சல் அவிழ்த்தபோதும் பை மடியில்தான் இருந்தது.

திரும்பும் வழியில் அவருக்கு யோசனை வந்துவிட்டது. இந்தக் கரைக்கும் ஒரு பெயர் வைக்கலாம், காயன்கேணியிலிருந்து வெருகல் வரைக்கும் அழகான போர்டு நடலாம்.

“நடலாம் சேர்” என்றார் சாரதி. “யானை பிடுங்கிப் போட்டுரும்.”

“பேர் என்னத்துக்கு மனே?” என்றார் பெத்தா. “பனிச்சங்கேணி எண்டு வடிவா ஒரு பேர் கிடக்குதானே.”

வாழைச்சேனையில் ஐஸ் வாங்கிப் பையைச் சுற்றி அடுக்கினோம். ஐஸ் நல்லதுதான், ஆனால் உருகும். மீன் தண்ணீர் மெதுவாகப் பின் ஆசனத்துக்குக் கீழே பயணம் போனது. குளிரூட்டி அந்த வாசத்தை எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டது.

பாசிக்குடாவில் நிறுத்தியதும் வானைக் காகங்கள் சூழ்ந்தன. யுத்தம் முடிந்த பிறகு ஹோட்டல்கள் வரிசையாக எழும்பிய குடா அது. குடைகளுக்குக் கீழே வெள்ளைக்காரர் படுத்திருந்தார்கள், காவலாளி ஒருவர் காற்று வந்த திசையை மோந்து எங்களைப் பார்த்தார். மச்சான் எதையும் கவனிக்காமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடலுக்குள் ஓடினார். நீந்துவதற்காக. பாசிக்குடாவை அறிந்தவர்கள் இந்த இடத்தில் சிரித்திருப்பார்கள். முழங்கால் தண்ணீர். இன்னும் கொஞ்சம் போனார், முழங்கால்தான். பிறகு அரை. பிறகு மணல்திட்டு வந்து மறுபடியும் முழங்கால். ஆள் சின்னதாகிச் சின்னதாகித் தலையும் கண்ணாடியும் மட்டும் மின்னின.

பெத்தா கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். “என்னகா இது, இவன் நடந்தே லண்டனுக்குப் போறானா?”

வீட்டு வாசலில் இறங்கும்போது இருட்டிவிட்டது. பாய், தலையணை, வெற்றுத் தயிர்ச்சட்டி எல்லாம் இறங்கி முடிய, சாரதி பின் கதவைத் திறந்து வைத்து ஆசனத்துக்குக் கீழே டோர்ச் அடித்துப் பார்த்தார். நாள் முழுக்க அந்த மணத்தைப்பற்றி ஒரு சொல் சொல்லாத மனிதர். பேசிய வாடகைக்கு மேலே கழுவுகூலியும் கேட்பார் என்று நான் மணிபர்ஸைத் திறந்தேன்.

“அது வேணாம் சேர்” என்றார். மச்சானின் கையிலிருந்த பையைக் காட்டினார். “அதில பாதியத் தாங்க. நானும் இழுத்துக்கொண்டுதானே வந்தன்.”