தோன்றா எழுவாய்: சமைக்காத கோழி சாலட் பற்றிய ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

மெக்சிகோ சுவை கொண்ட, புரதம் மிகுந்த, சமைக்காத கோழி சாலட் என்பது அமெரிக்க வீடுகளில், குறிப்பாகக் கோடைக்காலத்தில், அடுப்புப் பக்கம் போக மனமில்லாத வேளைகளில் உருவாகும் ஒரு குளிர்ந்த கலவை. கடையில் சுட்டு விற்கும் கோழியின் சதை, டின்னில் வரும் கறுப்பு பீன்ஸ், மக்காச்சோளம், அவகேடோ, வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லித் தழை, எலுமிச்சைச் சாறு, கெட்டித் தயிர், சீரகத்தூள் ஆகிய பத்தும் இதன் உறுப்புகள். உப்பு எல்லா உணவுக்கும் பொது என்பதால் கணக்கில் சேராது.

இதன் பெயருக்கு முன்னால் மூன்று அடைமொழிகள் நிற்கின்றன. அவை பொருளோடு பொருந்துகின்றனவா என்று சோதித்த பிறகே பொருளைத் தொடுவது முறை. செய்முறை ஐந்தாம் பிரிவில் உள்ளது. பசியோடு இருப்பவர்கள் நேரே அங்கே போவதற்குத் தடையில்லை.

2. 'சமைக்காத' என்னும் அடைமொழி

கோழியைப் பச்சையாக உண்ணக் கூடாது. அதன் உள்வெப்பம் 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் விதி. எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்தால் போதாதா என்று கேட்போர் உண்டு. பெரு நாட்டில் மீனை அப்படி ஊறவைத்து உண்ணும் செவிச்சேயை அவர்கள் சான்றாகக் காட்டுவர். அமிலம் புரதத்தின் அமைப்பைக் குலைத்துச் சதையை வெந்ததுபோல் வெளுக்கச் செய்யும். சால்மோனெல்லா கிருமியைக் கொல்லும் பொறுப்பை அது ஏற்பதில்லை. எனவே இந்தச் சாலட்டின் கோழி சமைத்த கோழிதான், சமைத்தவர் வேறொருவர்.

வாக்கியத்தில் வெளிப்படாமல் நின்று வினையை நடத்தும் எழுவாயைத் தமிழ் இலக்கணம் தோன்றா எழுவாய் என்கிறது. இங்கே அடுப்பு அப்படித்தான் நிற்கிறது. கோழி, பெரும்பாலும் பல்பொருள் அங்காடியின் பின்கட்டில், கம்பியில் சுழன்று வெந்தது. காஸ்ட்கோ நிறுவனம் முழுக்கோழி ஒன்றை 2009 முதல் 4.99 டாலருக்கே விற்றுவருகிறது. இந்த விலையைக் காப்பாற்றுவதற்காக நெப்ராஸ்கா மாநிலத்தின் ஃபிரீமான்ட் நகரில் சொந்தமாகக் கோழி பதப்படுத்தும் ஆலையே அமைத்து, 2019இல் இயக்கத் தொடங்கியது. ஒரு வீட்டில் அடுப்பு எரியாமல் இருக்க இன்னொரு மாநிலத்தில் ஆலை எழ வேண்டியிருந்தது. பீன்ஸும் சோளமும் டின்னுக்குள் அடைபட்ட நிலையில், 121 டிகிரியை ஒட்டிய நீராவி வெப்பத்தில் வெந்தவை. தயிருக்கான பாலும் உறைக்கு முன் காய்ச்சப்பட்டதே. பத்தில் நெருப்பைக் காணாமல் வந்து சேர்பவை அவகேடோ, வெங்காயம், மிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சை என்னும் ஐந்து மட்டும். சீரகம் வறுத்ததா இல்லையா என்பதை டப்பாவைக் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

டின்னைப் பற்றி ஒரு குறிப்பு இங்கே பொருந்தும். தகர டின்னுக்கு இங்கிலாந்தில் பீட்டர் டுரண்ட் காப்புரிமை பெற்ற ஆண்டு 1810. டின்னைத் திறக்கும் கருவிக்கு அமெரிக்காவில் எஸ்ரா வார்னர் காப்புரிமை பெற்ற ஆண்டு 1858. இடைப்பட்ட காலத்தில் பெரும்பாலும் உளியும் சுத்தியலுமே டின் திறக்கும் கருவிகளாக இருந்தன. அந்நாளில் சமைக்காத உணவு, சமைத்த உணவைவிட அதிக உடலுழைப்பை வாங்கியிருக்க வேண்டும்.

ஆகவே 'சமைக்காத' என்பது உணவின் பண்பைச் சொல்லவில்லை. உண்பவரின் அன்றைய நிலையைச் சொல்கிறது. அந்தப் பொருளில் மட்டும் அடைமொழி செல்லும்.

3. 'புரதம் மிகுந்த' என்னும் அடைமொழி

மூன்றில் சோதனைக்கு எளிதில் உட்படுவது இதுவே. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒரு நாளைய புரதத் தேவையை 50 கிராம் என வைத்து, அதில் ஐந்தில் ஒரு பங்கை ஒரு பரிமாறலில் தரும் உணவு 'மிகுந்தது' எனச் சொல்லிக்கொள்ள இடம் தருகிறது. அதாவது 10 கிராம் போதும். ஐரோப்பிய ஒன்றியத்தின் அளவுகோல் வேறு: உணவு தரும் மொத்த ஆற்றலில் குறைந்தது 20 சதவீதம் புரதத்திலிருந்து வர வேண்டும்.

தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி, வெந்த நிலையில், 100 கிராமுக்கு ஏறத்தாழ 31 கிராம் புரதம் தரும். கறுப்பு பீன்ஸ் 7 அல்லது 8 கிராமும், நீர் வடித்த கெட்டித் தயிர் 10 கிராமும் தரும். கீழே வரும் அளவுப்படி நால்வருக்குச் செய்தால் ஆளுக்குச் சுமார் 40 கிராம் புரதம் கிடைக்கும். ஆற்றலில் அதன் பங்கு 40 சதவீதத்தைத் தாண்டும். அட்லான்டிக்கின் இரு கரைகளிலும் அடைமொழி தேறுகிறது.

கோழி சாலட்டில் வழக்கமாக இடம்பெறும் மயோனைஸின் இடத்தை இங்கே தயிர் பிடித்த காரணமும் இதில் அடங்கும். அமெரிக்கச் சட்டப்படி மயோனைஸ் என்ற பெயருக்கு எடையில் குறைந்தது 65 சதவீதம் எண்ணெய் இருக்க வேண்டும். புரதம் அதில் பெயருக்குத்தான். மயோனைஸ் கட்சியினர் சுவை தம் பக்கம் இருப்பதாக வாதிடுகின்றனர். இந்தக் கட்டுரை அதை மறுக்கவில்லை.

4. 'மெக்சிகோ சுவை கொண்ட' என்னும் அடைமொழி

பத்து உறுப்புகளின் பூர்வீகத்தை ஆராய்ந்தால் மெக்சிகோ மண்ணுக்கு உரியவை நான்கே: மக்காச்சோளம், பீன்ஸ், மிளகாய், அவகேடோ. மற்ற ஆறும் ஸ்பானியர் வழியே கடல் கடந்தவை. 1519இல் ஸ்பானியப் படைத்தலைவர் கோர்டெஸ் கரையிறங்கும்வரை அங்கே கோழி இல்லை, எலுமிச்சை இல்லை, கொத்தமல்லியும் சீரகமும் இல்லை, தயிருக்கு வேண்டிய மாடும் இல்லை. மெக்சிகோ தானே வளர்த்த பறவை வான்கோழி. பூர்வீகமே அளவுகோல் என்றால் சாலட்டின் தலைமைப் பொருளே வெளியேற வேண்டிவரும்.

ஆனால் அந்த அளவுகோல் அபாயமானது. அதைக் கடைப்பிடித்தால், போர்த்துக்கீசியர் வழியே இந்தியா வந்த மிளகாயைப் போட்ட எந்தக் குழம்பும் தமிழ்க் குழம்பு ஆகாது. மாறாக, பிறப்பிடமே அளவுகோல் என்றால் சீசர் சாலட் இடிக்கிறது. அது 1924இல் மெக்சிகோவின் திஹுவானா நகரில், இத்தாலியிலிருந்து குடியேறிய சீசர் கார்டினியின் உணவகத்தில், மதுவிலக்குக்குத் தப்பி எல்லை தாண்டி வந்த அமெரிக்கர்களுக்காகப் பிறந்தது. மெக்சிகோவில் பிறந்தும் அதை யாரும் மெக்சிகோ உணவாக எண்ணுவதில்லை. இந்தச் சாலட்டோ அமெரிக்காவில் பிறந்து மெக்சிகோவின் பெயரைச் சொல்லிக்கொள்கிறது.

எஞ்சுவது வழக்கு. எலுமிச்சை, மிளகாய், கொத்தமல்லி என்னும் மூவர் கூட்டணி ஐந்நூறு ஆண்டுப் புழக்கத்தில் மெக்சிகோ தெருக்கடையின் அடையாளமாகிவிட்டது. சோளத்தோடு எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் மயோனைஸும் சேர்த்துக் கோப்பையில் தரும் எஸ்கீத்தே இதன் நெருங்கிய உறவு. எனவே 'மெக்சிகோ உணவு' என்ற உரிமை செல்லாது. 'மெக்சிகோ சுவை' என்ற அளவில் செல்லும்.

5. செய்முறை

அளவு: கோழி நெஞ்சுக்கறி 400 கிராம், கறுப்பு பீன்ஸ் ஒரு டின், நீர் வடித்து 250 கிராம், சோளம் 150 கிராம், கெட்டித் தயிர் 150 கிராம், அவகேடோ 1, வெங்காயம் பாதி, ஹலபேனோ மிளகாய் 1, எலுமிச்சை 2, கொத்தமல்லி ஒரு கைப்பிடி, சீரகத்தூள் அரைத் தேக்கரண்டி.

கோழியைச் சூடு முழுதும் ஆறுமுன் பிய்க்க வேண்டும். ஆறினால் கொழுப்பு உறைந்து சதை எலும்பை விடாது. பிய்த்ததை நன்றாகக் குளிரவைத்த பின்பே தயிரில் சேர்க்க வேண்டும். சூட்டோடு சேர்த்தால் தயிர் நீர்விடும். முதல் விதியும் இரண்டாம் விதியும் முரண்படுவதுபோல் தோன்றினாலும், இடையில் குளிர்ப்பெட்டி இருப்பதால் முரணில்லை. கையால் நாராகப் பிய்ப்பதா, கத்தியால் துண்டாக்குவதா என்பதில் இரு மரபுகள் உண்டு. நார் தயிரை அதிகம் பிடித்துக்கொள்ளும். துண்டு கரண்டியில் ஒழுங்காக ஏறும். ஆய்வு முதலாவதை ஆதரிக்கிறது, கத்தி கழுவும் வேலை மிச்சம் என்பதால்.

பீன்ஸை வடிகட்டியில் கொட்டி அலச வேண்டும். டின் நீரின் உப்பும் கொழகொழப்பும் போகும். நறுக்கிய வெங்காயத்தைக் குளிர்ந்த நீரில் பத்து நிமிடம் போட்டால் காட்டம் தணியும். தயிர், எலுமிச்சைச் சாறு, சீரகத்தூள் மூன்றையும் அகன்ற கிண்ணத்தில் முதலில் கலந்து, கோழி, பீன்ஸ், சோளம், வெங்காயம், மிளகாய் என்ற வரிசையில் சேர்த்துப் புரட்ட வேண்டும். உப்பு கடைசியில்தான், ஏனெனில் கடைக்கோழி பெரும்பாலும் உப்புநீர் ஏற்றப்பட்டே வருகிறது.

மிளகாயின் பங்கு தனியே கவனிக்கத் தக்கது. வில்பர் ஸ்கோவில் 1912இல் வகுத்த அளவையில் ஹலபேனோவின் காரம் 2,500 முதல் 8,000 வரை. மிளகாயின் கேப்சைசின் நாவில் பற்றும் ஏற்பியே 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டையும் உணர்வது. இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆக, அடுப்பே மூட்டாத சாலட்டிலும் நாக்கு நெருப்பைப் பதிவு செய்கிறது. அதைத் தணிக்கத் தண்ணீர் உதவாது; தயிரிலுள்ள கேசின் என்னும் புரதம் உதவும். தயிர் மயோனைஸைவிடத் தேறும் இன்னோர் இடம் இது.

அவகேடோவும் கொத்தமல்லியும் பரிமாறும் நேரத்தில் சேர்பவை. வெட்டிய அவகேடோவைக் காற்றும் அதன் நொதியும் சேர்ந்து கறுக்கச் செய்யும். எலுமிச்சைச் சாறு அதைத் தாமதப்படுத்தும். கொட்டையைக் கிண்ணத்திலேயே போட்டுவைத்தால் கறுக்காது என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. கொட்டை தான் மறைத்த இடத்தை மட்டுமே காக்கும்.

உண்ணும் கருவி: சோளச் சிப்ஸ். அதைக் கருவி என்பதா உணவு என்பதா என்பது தீராத வகைப்பாட்டுச் சிக்கல். அள்ளும்வரை கருவி, வாயில் சென்றபின் உணவு, கிண்ணத்துக்குள் முறிந்து விழுந்தால் உறுப்பு என்று கொள்வது நடைமுறைக்கு ஏற்றது.

6. புறனடை

விதிகளில் அடங்காதவை இங்கே தொகுக்கப்படுகின்றன. சிலருக்குக் கொத்தமல்லி சோப்பு வாடை அடிக்கும். தழையிலுள்ள ஆல்டிஹைடுகளை நுகரும் ஏற்பி மரபணு ஒன்றோடு இது தொடர்புடையது. அவர்களை வற்புறுத்தாமல் வெங்காயத்தாள் இடலாம். நெஞ்சுக்கறி போதாதபோது தொடைக்கறி சேரலாம். புரதம் சற்றுக் குறையும், சுவை கூடும். டின் கோழி விதிப்படி செல்லும், ஆனால் அதன் மென்மை எல்லார்க்கும் உவப்பதன்று.

வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கலாகாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரமே. 4 டிகிரி குளிரில் மூன்று, நான்கு நாள் தாங்கும். மீந்ததைச் சோள ரொட்டியில் வைத்துச் சட்டியில் வாட்டி உண்பதும் வழக்கில் உண்டு. அது சுவையானதே, ஆனால் அடுப்பு எழுவாயாக வெளிப்பட்டுவிடுவதால், அவ்வுணவு வேறொரு கட்டுரைக்குரியது.