அரை நாட் ஆசாமி

இங்கிலாந்தின் தென்கரையில் ஹாம்பிள் என்றொரு ஆறு. குளிர்காலம் வந்துவிட்டால் அதன் கரையோர யார்டுகளில் பாய்மரப் படகுகளைக் கிரேனில் தூக்கி, முட்டுக் கொடுத்து வரிசையாக நிறுத்திவிடுவார்கள். அந்த வரிசைக்குள் ஒரு நடை போய் வாருங்கள். ஏதாவது ஒரு படகின் அடியில், சுக்கானுக்கு முன்னால், ஒருவர் குந்தியிருப்பார். வயது அறுபதை ஒட்டி. காதில் பென்சில், கையில் காலிப்பர், முழங்காலுக்கு அடியில் பழைய மெத்தைத் துண்டு. என்ன ரிப்பேர் என்று கேட்டுவிடாதீர்கள். ரிப்பேர் ஒன்றும் இல்லை. புரொப்பெல்லர் மாற்றப்போகிறார். போன குளிர்காலத்திலும் மாற்றத்தான் போனார்.

விஷயம் ஆரம்பித்தது என்னவோ சின்னதாகத்தான். யார்டு மெக்கானிக் பழைய புரொப்பெல்லரைச் சுத்தியலால் லேசாகத் தட்டிப் பார்த்தார். கணீர் என்று ஒலிக்க வேண்டியது ‘தொப்’ என்றது. சுரண்டினால், மஞ்சளாக மின்ன வேண்டிய இடம் இளஞ்சிவப்பாக இருந்தது. வெண்கலம் என்று சொல்லி விற்பதில் பாதி பித்தளை ஜாதிதான். அதிலிருக்கும் துத்தநாகத்தைக் கடல்நீர் தின்றுவிட்டால் மிஞ்சுவது சத்தில்லாத செம்பு. “இதே அளவில் இன்னொன்று வாங்கிப் போட்டுவிடுங்கள், சில நூறு பவுண்டில் முடிந்துவிடும்” என்று சொல்லிவிட்டு மெக்கானிக் டீ குடிக்கப் போய்விட்டார். அவ்வளவுதான் காரியம். ஆனால் நம் ஆளுக்கு அன்றைக்குத்தான் ஞானோதயம்: எதற்கு இதே மாதிரி?

ஏனென்றால் பாயை விரித்து எஞ்சினை அணைத்த பிறகும், அந்த மூன்று இதழ் உலோகம் தண்ணீருக்குள் நின்று படகைப் பின்னால் இழுத்துக்கொண்டே வருகிறது. அதனால் அரை நாட் வேகம் போகும்; அதாவது மணிக்கு அரைக் கடல்மைல். சில படகுகளில் ஒரு நாட் கூடப் போகும். அந்த அரை நாட்டை மீட்பதுதான் இப்போது அவருடைய வாழ்க்கை. வைட் தீவின் மேற்கு முனையில் இருக்கும் நீடில்ஸ் பாறைகளிலிருந்து பிரான்சின் செர்பூர் சுமார் 60 கடல்மைல். 5 நாட் வேகத்தில் 12 மணி நேரம். ஐந்தரையில் போனால் ஏறக்குறைய 11. மிச்சமாகும் ஒரு மணி நேரத்தில் செர்பூரில் என்ன செய்வதாக உத்தேசம் என்று ஒருமுறை கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடலாம்” என்றார்.

இதே மனிதர் கிளம்பும் அன்று காலையில் இன்னொரு டோஸ்ட், இன்னொரு டீ என்று உட்கார்ந்துவிடுவார். ஹர்ஸ்ட் கோட்டைப் பக்கம் கடல் குறுகும் இடத்தில் நீரோட்டம் நாலு நாட் வரை ஓடும். அது திரும்பிவிட்டால் எதிர்த்துப் போக வேண்டியதுதான். அங்கே நாலு நாட்டைத் தாரை வார்ப்பதில் அவருக்கு வருத்தமே இல்லை. படகில் இரண்டு மடக்கு சைக்கிள், மூன்று நங்கூரம், பீன்ஸ் டின்கள் ஒரு பெஞ்சு நிறைய. அடிப்பாகத்தில் ஆகஸ்டு மாதமே கொட்டலசு குடியேறிவிடும். சைக்கிளை இறக்கினாலும் கொட்டலசைச் சுரண்டினாலும் வேகம் கூடத்தான் செய்யும். ஆனால் அதற்கெல்லாம் வழவழப்பான காட்டலாக் கிடையாதே!

காட்டலாக் வேட்டை செப்டம்பரில், சவுத்தாம்ப்டன் படகுக் கண்காட்சியில் தொடங்குகிறது. டென்மார்க்கின் கோரியும் ஃபிளெக்சோஃபோல்டும் மடங்கும் ஜாதி. பாய் விரித்ததும் இதழ்கள் பின்னால் சாய்ந்து கூம்பிக்கொள்ளும். இத்தாலியின் மேக்ஸ்-புராப் மடங்காது; இதழ்கள் இருந்த இடத்திலேயே திரும்பி, தண்ணீருக்குத் தங்கள் விளிம்பை மட்டும் காட்டும். நியூசிலாந்தின் கிவிபுராப்பும் அந்தக் கட்சிதான். உள்ளூர் ஆட்டோபுராப் பாரத்துக்குத் தக்கபடி கோணத்தைத் தானே மாற்றிக்கொள்ளும். ஸ்டால்களில் இவற்றைக் கையெட்டும் உயரத்தில் மேசைமேல் வைத்திருப்பார்கள். நம் ஆள் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று இதழை விரிப்பார், மடக்குவார். டக். டக். விரலில் கிரீஸ் ஒட்டும். இன்னொரு தடவை டக். வரிசையில் பின்னால் நிற்பவர் செருமுவார். அவரும் டக் செய்யத்தான் வந்திருக்கிறார். விலை கேட்டால் பழைய மாதிரியின் பல மடங்கு சொல்கிறார்கள். அதைக் கேட்டதும் இவர் முகத்தில் ஒரு மரியாதை வருகிறது பாருங்கள், அதுதான் ஆபத்து.

அடுத்தது ஜாதகம். கம்பெனிக்காரர்கள் ஒரு படிவம் கொடுப்பார்கள். நீர்க்கோட்டு நீளம், எடை, எஞ்சின் குதிரைத்திறன், கியர்பாக்ஸ் விகிதம், ஷாஃப்டின் விட்டம், அதன் முனைச் சரிவு, சாவிப் பள்ளத்தின் அகலம், வலச்சுற்றா இடச்சுற்றா என்று பத்துப் பொருத்தமும் பார்த்தாக வேண்டும். ரஜ்ஜுப் பொருத்தம் என்பது இங்கே இதழ் முனைக்கும் படகின் வயிற்றுக்கும் உள்ள இடைவெளி: விட்டத்தில் பத்தில் ஒரு பங்காவது இல்லாவிட்டால் படகு உதறும், தாம்பத்தியம் நடக்காது. ஏழு கம்பெனிகளுக்கு ஜாதகம் போகிறது. ஏழு பேரும் ஏழு அளவு எழுதியனுப்புகிறார்கள். நியாயமாக மனிதன் சோர்ந்து போக வேண்டிய கட்டம். இவருக்கோ பரம சந்தோஷம். எட்டாவது ஒருவரைக் கேட்க இப்போது காரணம் கிடைத்துவிட்டதே.

பிட்ச் என்ற சமாச்சாரத்தில்தான் அவர் நிரந்தரமாகக் குடியிருப்பது. 16க்கு 11 என்றால் விட்டம் 16 அங்குலம். ஒரு சுற்றுக்குத் திருகாணி மாதிரி 11 அங்குலம் முன்னேற வேண்டும். தண்ணீர் மரக்கட்டை இல்லையாதலால் அதில் நல்ல பங்கு நழுவிப் போகும். அவர் படகில் இருப்பது பழைய யான்மார் 3ஜிஎம்30. முழு வேகத்தில் 3,600 சுற்றைத் தொட வேண்டும்; தொடாமல் கறுப்புப் புகை கக்கினால் பிட்ச் அதிகம், தொட்டுத் தாண்டினால் குறைவு. ஓர் அங்குலம் கூட்டினால் 150லிருந்து 200 சுற்று வரை குறையும். இந்தக் கணக்கை அவர் உறையில், நாப்கினில், ஒரு தடவை கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையின் பின்புறத்தில் போட்டிருக்கிறார். டேவ் கெர் எழுதிய புரொப்பெல்லர் கையேடு கட்டிலருகே இருக்கிறது. மனைவி அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.

பப்பில் இவர் மேசையில் மாட்டிக்கொண்டால் இன்னொரு விவாதமும் உண்டு: பாயில் ஓடும்போது பழைய மாதிரிப் புரொப்பெல்லரைச் சுற்ற விடுவதா, கியரில் போட்டு நிறுத்துவதா? ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தார் இதைத் தொட்டியில் சோதித்து, நிறுத்திவைத்தால்தான் இழுவை அதிகம் என்று எழுதியே விட்டார்கள். ஆனாலும் இரவு பத்தரைக்கு இரண்டு ரிட்டயரான ஆசாமிகள் அதற்காக பீர் கோப்பையை மேசையில் இடித்துக்கொள்வார்கள்.

இந்த நோய் இவரோடு பிறந்ததல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பக்கத்திலேயே போர்ட்ஸ்மத்தில் வாரியர் என்ற பழைய போர்க்கப்பல் நிற்கிறது. 1860இல் நீரில் இறங்கியது. பாயில் ஓடும்போது இழுக்கிறதே என்று அதன் புரொப்பெல்லரைத் தண்ணீரிலிருந்து மேலே தூக்கிவிடும்படி அமைத்திருந்தார்கள். அதைத் தூக்க 600 பேர் கயிறு பிடிக்க வேண்டும். இதை நம் ஆளிடம் சொன்னபோது அவர் கண்ணில் ஓர் ஏக்கம் தெரிந்தது. வீட்டில் கயிறு பிடிக்க ஒருவர்தான்; அவரும் பேசுவதை நிறுத்தி நாளாகிறது.

ஒரு பிப்ரவரி மாலையில் அந்த ஒருவர் பேசினார்: “எதையாவது வாங்கித் தொலை.” அதற்குப் பிறகு சமையலறை மேசைக்கு ஒரு பெட்டி வந்தது. மூன்று இதழ், மடங்கும் ஜாதி, 16க்கு 12. ஒரு வாரம் அது பழக்கூடைக்குப் பக்கத்திலேயே இருந்தது. விருந்தாளிகளுக்கு டக் செய்து காட்டப்பட்டது.

ஏப்ரலில் படகு இறங்கியது. பாயில் வேகம் கூடியது. அதை மறுக்க முடியாது, அவர் மறுக்கவும் விடமாட்டார். சிக்கல் திரும்பி வந்து கட்டும்போது வந்தது. பழைய வலச்சுற்றுப் புரொப்பெல்லர் ரிவர்சில் படகின் பின்பக்கத்தை இடப்புறம் இழுக்கும். அதை அவர் வருஷக்கணக்காகத் திட்டிக்கொண்டிருந்தார். ஆனால் அவர் படகைக் கட்டும் இடம் இடப்புறம்தான். ரிவர்ஸ் போட்டதும் பின்பக்கம் தானாக வந்து பாண்டூன் என்ற மிதவை மேடையில் ஒட்டிக்கொள்ளும். மரீனாவே அதை அவருடைய திறமை என்று நம்பியது, அவர் உட்பட. புதியதில் அந்த இழுப்பு காணோம். ரிவர்ஸ் போட்டால் இதழ்கள் விரிய முதலில் சற்று யோசித்தன. அப்புறம் ‘டங்’ என்று விரிந்து படகை நேராக, மிக ஒழுங்காக, கரையிலிருந்து ஆறடி தள்ளி நிறுத்தின. பிறகு காற்று அதைக் குறுக்கே திருப்பத் தொடங்கியது. பக்கத்துப் படகுக்காரர்கள் ஃபெண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். மனைவி முன்னாலிருந்து கயிற்றை வீசினார். பாண்டூனில் நின்ற ஒரு பெரியவர் அதைப் பிடித்தார், ஆனால் கட்டவில்லை. குனிந்து தண்ணீருக்குள் பார்த்தார்.

“மடங்குவதா? என்ன பிட்ச்?”

“பன்னிரண்டு” என்றார் நம் ஆள், ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்புவதென்று தெரியாமல்.

பெரியவர் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டே தலையை ஆட்டினார். “நானாயிருந்தால் பதினொன்றுதான் போட்டிருப்பேன்.”