ராவணன் மீசைக்கு ரேஷன் கார்டு

கே: 'இந்தப் பகுதியில் முதன்முறையாகப் பதிவான காட்டுச் செடி' என்கிறார்களே, நேற்றுவரை அது எங்கே இருந்தது?

ப: அங்கேயேதான், ஆடு மேய்ந்தது போக மீதியாக! 'புதிய இனம்' உலகுக்கே புதுசு. 'புதிய பதிவு' அந்த ஊர்ப் பட்டியலுக்கு மட்டும் புதுசு. பூவோடு பறித்து, காகிதத்தில் அழுத்திக் காயவைத்து, இடமும் தேதியும் எழுதி உலர்தாவரகத்தில் சேர்த்தால்தான் செடிக்குக் குடியுரிமை. முன்பே பதிவாகியிருக்கிறதா என்று, தாவரவியலாளர் கேம்பிள் 1915-இல் வெளியிடத் தொடங்கிய சென்னை மாகாணத் தாவர நூலையும் புரட்டிப் பார்ப்பார்கள். மாமல்லபுரம் மணலில் படரும் அடும்புக் கொடியும் ராவணன் மீசைப் புல்லும் இதற்கெல்லாம் காத்திருக்கிற ஜாதி இல்லை. இதில் ஒரு வேடிக்கை: 2019-இல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு, மாமல்லபுரத்தையும் சேர்த்துக்கொண்டு, தனி மாவட்டமாகப் பிரிந்தது. வேர் நகரவில்லை, விலாசம் மாறிவிட்டது. மாவட்டவாரியாகப் பட்டியல் போடுகிறவருக்கு, பழைய எருக்கஞ்செடிகூட அன்று புதுக் குடித்தனம்!