கடலடியில் யாருக்கு எந்த இடம்?

கேள்வி: இவ்வளவு பெரிய கடலில் முத்துச்சிப்பி சில பார்களில் மட்டும் குடியிருப்பது ஏன்? (வாசகர், கோவில்பட்டி)

பதில்: தண்ணீருக்குப் பஞ்சமில்லை, பிடிமானத்துக்குத்தான் பஞ்சம். முத்துச்சிப்பிக் குஞ்சு மூன்று வாரம் போல நீரோட்டத்தில் மிதந்து திரியும். பிறகு இறங்குகிற இடத்தில் கல்லோ, செத்த பவளமோ, பழைய சிப்பி ஓடோ இருந்தால் மெல்லிய நார்களைச் சுரந்து ஒட்டிக்கொள்ளும். வெறும் மணல் என்றால் புதைந்து சாகும். அந்தக் கெட்டித் தரைதான் பார். தூத்துக்குடிக்கு எதிரே கடலுக்குள் கிடக்கும் தொலாயிரம் பார் பெயர்பெற்றது. உப்பு, சூடு, இரை எல்லாம் நிறைந்திருந்தும் தரை ஒன்று இல்லையென்றால் சிப்பி இல்லை. எது குறைகிறதோ, அதுவே உயிருக்கு எல்லை போடுகிறது.

கேள்வி: அப்படியானால் சங்கு மட்டும் மணலில் எப்படி வாழ்கிறது? (மாணவி, திருச்செந்தூர்)

பதில்: அதன் இரையான புழுக்கள் மணலுக்குள்தான் இருக்கின்றன. முட்டைகூட மணலைக் கேட்கிறது. ஆட்டுக்கொம்பு போல் முறுக்கிய முட்டைக்கூட்டின் அடியை மணலில் ஊன்றிவிடும் தாய்ச்சங்கு. குஞ்சுக்கு நீந்தும் பருவமே கிடையாது; சின்னச் சங்காகவே ஊர்ந்து வெளியே வரும். சிப்பியைக் கொல்லும் மணல்தான் சங்குக்குப் பிறந்த வீடு.

கேள்வி: பார் அங்கேயேதானே இருக்கிறது, முத்துக்குளிப்பு ஏன் நின்றது? (வாசகர், திரேஸ்புரம்)

பதில்: தூத்துக்குடியில் கடைசியாக 1955 முதல் 1961 வரை நடந்தது. அதுவும் 1920களுக்குப் பின் நீண்ட இடைவெளி விட்டு வந்ததுதான். சிப்பிகள் முட்டையையும் விந்தையும் தண்ணீரில் விடுகின்றன. நெருக்கமாகக் கிடந்தால்தான் இரண்டும் சேரும். சேர்ந்தாலும் நீரோட்டம் குஞ்சுகளை வேறு பக்கம் தள்ளிவிடலாம். ஒட்டியதை மணல் மூடலாம், திருக்கையும் நட்சத்திர மீனும் தின்னலாம். இத்தனை வாசலையும் ஒரே தலைமுறை தாண்டினால்தான் பார் நிறையும்.

கேள்வி: எங்கள் உப்பளப் பாத்தி சில நேரம் சிவக்கிறதே, அதில் உயிர் இருக்கிறதா? (வாசகர், முத்தையாபுரம்)

பதில்: ஏராளமாக. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு; உப்பு விளையும் பாத்தியில் பல மடங்கு. மீன் அங்கே பிழைக்காது. துனாலியெல்லா என்ற நுண்பாசி பிழைக்கிறது. உடலுக்குள் கிளிசராலைச் சேர்த்து, உப்பு தன் நீரை உறிஞ்சிவிடாமல் தடுக்கிறது. கரோட்டின் நிறமியால் வெயிலைத் தாங்குகிறது. கூடவே வாழும் சில நுண்ணுயிர்களை நல்ல தண்ணீரில் போட்டால் உடைந்து செத்துவிடும். நமக்கு நரகமான உப்பு அவற்றுக்கு உயிர்நாடி.

கேள்வி: சிப்பியைத் தொட்டியில் வளர்த்துவிடலாமே, கடலைப் பற்றி ஏன் கவலை? (வாசகர், மதுரை)

பதில்: தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1973இல் முத்தை விளைவித்தது, 1981இல் பொரிப்பகத்திலேயே சிப்பிக் குஞ்சுகளை உருவாக்கியது. பெருமைப்பட வேண்டிய சாதனை. ஆனால் தொட்டிக்கு நல்ல கடல்நீர் வேண்டும், இரைப்பாசி வேண்டும், அளவான சூடு வேண்டும். கடல் இவற்றையெல்லாம் காசு வாங்காமல் கொடுத்தது. நாமோ சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டினோம்; அரண் இழந்த விலாங்குசல்லி, பூவரசன்பட்டி தீவுகள் நீருக்குள் போயின. 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. உயிரைக் காப்பாற்ற வேண்டுமானால் அதன் தரையையும் தண்ணீரையும் காப்பாற்றுங்கள். பார்மேல் இழுவை மடி ஓடக்கூடாது, கழிவு கலக்கக்கூடாது. இது மீனவர் கோரிக்கை மட்டுமல்ல, நாம் எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டியது.