கோகாபேட்டில் ஒரு ஏக்கர், கைப்பேசியில் ஒரு பண்ணை

விதை போட்டு, மீன் பிடித்து, வீடு கட்டி, அக்கம்பக்கத்தாரோடு பழகும் நிதான ரக வீடியோ கேம்கள் பற்றி இந்த வாரம் ஹைதராபாத் வாசகர்கள் கேள்விகளோடு மொய்த்துவிட்டார்கள். கேளுங்கள், சொல்கிறேன்!

கச்சிபவுலி ஐ.டி. ஊழியர்: பகல் முழுக்க லேப்டாப்பில் வேலை. ராத்திரி அதே லேப்டாப்பில் கிழங்கு நடுகிறேன். எனக்கு என்ன ஆயிற்று?

ஒன்றும் ஆகவில்லை, தெளிவாகத்தான் இருக்கிறீர்கள். ஆபீஸில் எழுதிய புரோகிராம் என்றைக்கு வெளியே போகும் என்று உங்கள் மேனேஜருக்கே தெரியாது. 'ஸ்டார்டியூ வேலி'யில் நட்ட பார்ஸ்னிப் கிழங்கு நாலே நாளில் கைக்கு வரும். அங்கே ஒரு நாள் நம் கணக்கில் சுமார் 14 நிமிடம். ஒரு மணி நேரத்துக்குள் உழைப்புக்குக் கூலி! அப்ரைசலுக்காக ஏப்ரல் வரை தவம் கிடப்பவருக்கு வேறென்ன வேண்டும்?

கோகாபேட் வாசகர்: பேசாமல் நிஜமாகவே ஒரு ஏக்கர் வாங்கி விவசாயம் பார்த்தால்?

2023 ஆகஸ்டில் உங்கள் பேட்டையில் நடந்த நியோபோலிஸ் நில ஏலத்தில் ஏக்கர் 100.75 கோடி ரூபாய் வரை போயிற்று. அந்த மண்ணில் கத்தரிக்காய் போட்டால் சாம்பாருக்கு ஈ.எம்.ஐ. கட்ட வேண்டும். ஸ்டார்டியூவில் தாத்தா ஒரு கடிதத்தோடு பண்ணையையே எழுதி வைத்துவிட்டுப் போகிறார். அப்படித் தாத்தா வாய்க்காதவர்களுக்காக வந்த கேம் அது.

அமீர்பேட்டை கோச்சிங் மாணவர்: அந்த கேமை எத்தனை பேர் சேர்ந்து செய்தார்கள்?

ஒருவர். எரிக் பரோன். படம், இசை, கதை, புரோகிராம் எல்லாம் அவர் கைவேலை. நாலரை ஆண்டு உழைப்பு. நடுவில் சியாட்டிலில் ஒரு தியேட்டரில் வருகிறவர்களுக்கு இருக்கை காட்டும் வேலை பார்த்தார். 2016 பிப்ரவரியில் வெளியான கேம், 2024 முடிவதற்குள் 4 கோடிப் பிரதிகளைத் தாண்டிவிட்டது. தம்பி, இன்னொன்றையும் கவனியுங்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்து, வேலை கிடைக்காமல், கையைப் பழக்கிக்கொள்ளலாம் என்றுதான் அவர் இதில் இறங்கினார்.

மாரேட்பள்ளி மாமி: என் பிள்ளைக்கு 28 வயது. கேமில் பசு வாங்கித் தினமும் தடவிக்கொடுக்கிறான். கல்யாணப் பேச்சை எடுத்தால் எழுந்து போகிறான்.

கவலையே வேண்டாம் மாமி. அதே கேமில் கல்யாணமும் உண்டு. யாருக்கு எது பிடிக்கும் என்று கவனித்து, வாரத்துக்கு இரண்டு பரிசு கொடுத்து, பிறந்தநாளை ஞாபகம் வைத்து, பூங்கொத்து நீட்ட வேண்டும். அதெல்லாம் போதாது, வீட்டில் சமையலறை கட்டி முடிக்காமல் கல்யாணம் நடக்காது. பெண் வீட்டாரிடம் தைரியமாகச் சொல்லுங்கள், பையன் தயாராகிறான்!

பேகம்பேட் வாசகி: இந்த ரகத்துக்கு மூலபுருஷர் யார்?

மூன்று பேர் என்பேன். யசுஹிரோ வாடா, ஜப்பானின் கியூஷு தீவில் வளர்ந்து பிழைப்புக்காக டோக்கியோ வந்தவர். ஊர் நினைப்பு விடவில்லை. 1996-ல் 'ஹார்வெஸ்ட் மூன்' வந்தது. கட்சுயா எகுச்சி, நின்டெண்டோ வேலைக்காகக் கியோட்டோ போனவர். பெற்றோரும் சிநேகிதர்களும் பக்கத்தில் இல்லாத குறை 2001-ல் 'அனிமல் கிராசிங்' ஆயிற்று. அமெரிக்காவின் வில் ரைட், 1991 ஓக்லாந்து தீயில் வீட்டைப் பறிகொடுத்தவர். ஒரு குடும்பத்துக்கு என்னென்ன சாமான் தேவை என்று முதலிலிருந்து யோசித்து வாங்கினார். 2000-ல் 'தி சிம்ஸ்' பிறந்தது.

ஊரை விட்டவர், உறவைப் பிரிந்தவர், வீட்டை இழந்தவர். மாதாப்பூர் பேயிங் கெஸ்ட் விடுதியில் நாலில் ஒரு கட்டிலுக்கு வாடகை கொடுக்கும் பிள்ளை இந்த கேம்களில் ஏன் லயிக்கிறான் என்று இனி யாரும் என்னைக் கேட்க வேண்டாம்.

குகட்பள்ளி வாசகர்: வட்டியில்லாக் கடன் எங்கே கிடைக்கும்?

டாம் நூக்கிடம். அனிமல் கிராசிங்கில் வீடு கட்டிக் கொடுப்பவர். வட்டி கிடையாது, கெடு கிடையாது, ரெக்கவரி ஏஜென்ட் வாசலில் நிற்கமாட்டார். அனிமல் கிராசிங் வரிசையின் 'நியூ ஹொரைசன்ஸ்' வெளியான தேதி 2020 மார்ச் 20. நமக்கு ஊரடங்கு வந்தது ஐந்து நாள் கழித்து! வாசல் தாண்ட முடியாத உலகம் அந்த கேமின் தீவில் குடியேறியது. இதுவரை நாலரைக் கோடிப் பிரதிகளுக்கு மேல்.

ஹைடெக் சிட்டி வாசகி: ஒரு மாதம் திறக்காமல் விட்டால் பயிர் வாடிவிடுமா?

ஸ்டார்டியூவில் நீங்கள் மூடினால் காலமும் நின்றுவிடும். வருஷம் கழித்து வந்தாலும் தக்காளி அப்படியே. அனிமல் கிராசிங் நிஜக் கடிகாரத்தோடு ஓடும். களை மண்டும், வீட்டில் கரப்பான் ஓடும், பக்கத்து வீட்டுக்காரர் எங்கே காணோம் என்று விசாரிப்பார். 2009-ல் வந்த 'ஃபார்ம்வில்' வேறு ஜாதி. சொன்ன நேரத்துக்கு ஓடிவந்து அறுக்காவிட்டால் பயிரைக் கருக விடும். அதற்குப் பெயர் ஷிஃப்ட் டியூட்டி. 2020 டிசம்பர் 31-ல் கடையைக் கட்டினார்கள்.

ஹிமாயத்நகர் வாசகர்: விளையாடினால் மன அழுத்தம் குறையும் என்று நிரூபணம் உண்டா?

பாதி உண்டு. ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் 2020-ல் அனிமல் கிராசிங் உள்பட இரண்டு கேம்களை ஆடும் 3,274 பேரைப் பார்த்தார்கள். கூடுதல் நேரம் ஆடியவர்கள் கொஞ்சம் கூடுதல் நலமாக உணர்ந்தார்கள். 2022-ல் சுமார் 39,000 பேரைப் பார்த்தபோது, நேரத்துக்கும் நலத்துக்கும் ஏறக்குறைய சம்பந்தமே இல்லை. ஆசையாக ஆடினோமா, விட முடியாமல் ஆடினோமா என்பதுதான் கணக்கு. இரானி சாய் மாதிரி. ரசித்துக் குடித்தால் தெம்பு, குடித்தே ஆகவேண்டும் என்றால் தலைவலி.

அதே வாசகர்: ராத்திரி இரண்டு மணி வரை ஆடுகிறேனே?

ஸ்டார்டியூவில் இரண்டு மணிக்கு உங்கள் ஆளே மயங்கி விழுவான், பையிலிருந்து பணமும் போகும். படுங்கள் ஐயா!

சார்மினார் வாசகர்: ரம்மி ஆப்பும் ஒரு கேம்தானே?

நக்கோ மியான்! பண்ணையில் தோற்றால் தர்பூசணி போகும், அங்கே தோற்றால் வீட்டுப் பத்திரம் போகும். தெலங்கானா 2017-லேயே அதைத் தடை செய்தது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு எதிராக 2025 ஆகஸ்டில் மத்தியச் சட்டமும் வந்துவிட்டது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லாதீர்கள், எனக்குக் கோபம் வரும்.

தார்நாக்கா ஆசிரியை: திரையில் செடி வளர்க்கும் பிள்ளைகள் நிஜ மரத்தை மறந்துவிட மாட்டார்களா?

2025-ல் கஞ்ச கச்சிபவுலியின் 400 ஏக்கர் மரங்களுக்காகப் போராடியவர்களில் முன்னால் நின்றது ஹைதராபாத் பல்கலைக்கழக மாணவர்கள். ஏப்ரல் 3-ல் உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுவதை நிறுத்தியது. கேம் ஆடும் வயசுப் பிள்ளைகள்தான் டீச்சர். மறந்தது யார் என்று பெரியவர்களைக் கேளுங்கள்.

பத்மாராவ் நகர் வாசகி: தமிழில் இப்படி ஏதாவது?

'வெண்பா'! டொரொன்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் கொடுத்தது. 1980-களில் கனடா போன தமிழ்க் குடும்பம். அம்மாவின் பழைய சமையல் நோட்டில் பாதி எழுத்து அழிந்திருக்கும். இட்லித் தட்டை எப்படி அடுக்கினால் ஆவி ஏறும் என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். 2024-ல் பாஃப்டாவின் அறிமுக கேம் விருது வாங்கியது. இரண்டு மணி நேரம்போல் ஆகும். கைக்குட்டை பக்கத்தில் இருக்கட்டும்.

ராய்துர்க் வாசகர்: ஹைதராபாத்தில் கேம் செய்கிறார்களா?

செய்யாமல்? சிம்ஸை வெளியிடும் இஏ நிறுவனத்துக்கே இங்கே ஸ்டூடியோ இருக்கிறது. உள்ளூர் ஓகர் ஹெட் ஸ்டூடியோ 2017-ல் 'அசுரா' கொடுத்தது. அது வெட்டுக்குத்து ரகம். நான் கேட்பது வேறு. ரமலானில் ஹலீம் பட்டிக்கு முன் நின்று, கோதுமையும் கறியும் ஒன்றாகும்வரை மரத் தடியால் இடிக்க வேண்டும். போனாலு அன்று வேப்பிலை கட்டிய பானையைத் தலையில் சுமக்க வேண்டும். பங்கனபள்ளி மாம்பழம் பழுக்கும்வரை அவசரப்படாமல் காத்திருக்க வேண்டும். செய்து கொடுங்களேன், முதல் பிரதி நான் வாங்குகிறேன்.

செகந்திராபாத் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்: வயது 67. நான் தொடங்கலாமா?

இன்றைக்கே தொடங்குங்கள். ஸ்டார்டியூவில் முதல் நாள் 15 பார்ஸ்னிப் விதை இனாம். மண்ணைக் கொத்தி, நட்டு, தினமும் தண்ணீர் ஊற்றுங்கள். மீன் பிடிக்கிற இடத்தில் மட்டும் விரல் பதறும், அதைப் பேரனிடம் தள்ளிவிடுங்கள்.